மண்டூர் வாய்க்கால்: காலம் கடந்த ஒரு திருத்தம்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தம்பியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். மென்பொருள் நிறுவனம் ஒன்றிலே புதிய உற்பத்திகளை வடிவமைக்கும் பிரிவில் அவனுக்கு வேலை. "பெரியப்பா, சமூகவியல் முறைமைக் கோட்பாட்டைப் பொறியியலுக்குப் பொருத்திப் பார்ப்பது பற்றி எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். பார்சன்ஸ் என்றார்கள், லூமன் என்றார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தமிழிலே யாராவது எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டான்.

"நீ மண்டூருக்குப் போயிருக்கிறாயா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பெரியப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பான். தொலைபேசியில் அவனுக்குச் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன். இதிலே எனக்கும் ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைக் கடைசியில் தீர்க்கிறேன்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரையும் படும் கரையுமாய் ஒரு மாவட்டத்துக்கே பெயர் வைத்தவர்கள் அந்த மக்கள். வாவியின் தென்கோடியில், படுவான்கரைப் பக்கமாக இருக்கிறது மண்டூர். குருமண்வெளித் துறையில் 'பாதை' ஏறி வாவியைக் கடந்து அங்கே இறங்குவது பல தலைமுறைகளின் வழக்கம். (பாதை என்றால் அங்கே தெரு மட்டுமல்ல, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் அதுவே பெயர். முதன்முறை போகிற கொழும்புக்காரர் "பாதை வருகுது" என்று கேட்டுத் திகைப்பதுண்டு. நானும் திகைத்தேன்.)

1980 ஆவணியில், மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவைப் பற்றி எழுதுவதற்காக அங்கே போனேன். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் தலம் அது. திரைக்குப் பின்னால், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கப்புகனார் பூசை செய்யும் முறையைப் படம்பிடிக்க முடியாதென்று தெரிந்தும் ஒரு படப்பிடிப்பாளரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் கல்லோயா இடதுகரையைப் பற்றி என் பெயரோடு ஒரு செய்தி வெளியாகியிருந்தது. விவசாயிகள் துருசுகளை உடைக்கிறார்கள், இரவிலே கதவுகளைத் திருடுகிறார்கள், இந்தப் பொறுப்பின்மையாலேயே கடைமடைக்கு நீர் எட்டுவதில்லை என்பது சாரம். அரச அலுவலர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குத் தலைப்பிட்டவனும் நான்தான்.

கோயில் வெளிவீதியில் ஒரு முதியவர் என்னை நிறுத்தினார். வட்டவிதானையாராக இருந்தவர் என்று பின்னர் அறிந்தேன். "நீங்களா மனே அந்த வாய்க்கால் கதையை எழுதினது?" என்றார். ஆம் என்றேன், கொஞ்சம் பெருமையோடு. "நல்லது. விடியக் காலமை என்னோட வாங்க. நீங்க எழுதின வாய்க்காலைப் பார்க்கலாம்" என்றார். ஏச்சுமில்லை, ஏளனமுமில்லை. அந்த மரியாதைதான் மறுநாள் காலையில் என்னை இழுத்துக்கொண்டு போனது.

ஊருக்கு உள்ளே நடந்தோம். 1978 நவம்பர்ச் சூறாவளி முறித்த தென்னைகளின் மொட்டைக் கட்டைகள் அப்போதும் நின்றன. சிறுபோகத்துக்கு விதைக்கப்படாத வயல்கள் பொருக்கு வெடித்துக் கிடந்தன. வாய்க்காலிலே இடுப்பளவு புல். ஓரிடத்தில் கொங்கிறீற்றுக் கட்டு இருந்தது, அதிலே கதவு செருகும் பள்ளமும் இருந்தது, கதவு இல்லை. முதியவர் அதைச் சுட்டிக்காட்டிச் சொன்னதை நாலரைத் தசாப்தங்கள் கழிந்தும் நான் மறக்கவில்லை. "கதவை உடைக்கிறவன் கடிதம் எழுதுறான் மனே. வாசிக்கத்தான் அங்க ஆளில்லை." பிறகு தெற்கே கைகாட்டி, "தண்ணி அம்பாறையில இருந்து வருது. எங்கட மனு மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போகுது. ரெண்டும் எங்க சந்திக்கும், சொல்லுங்க?" என்றார்.

என் தம்பி மகனுக்கு இரண்டு நாள் வகுப்பில் சொல்ல முயன்றது ஏறத்தாழ இதுதான்.

கல்லோயா என்று இன்று எல்லோரும் சொல்லும் ஆற்றுக்குத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்று பெயர். சுதந்திரம் கிடைத்த மறுவருடம், 1949இல், டி. எஸ். சேனநாயக்கவின் அரசு அதன் குறுக்கே இங்கினியாகலையில் அணைகட்டும் பணியைத் தொடங்கியது. கட்டியவர்கள் மொறிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தினர். அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டுக் குழுமத்திலும் அவர்கள் பங்காளிகள். சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயர் பெற்ற அந்த நீர்த்தேக்கம் ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும். திட்டத்தை நடத்தக் கல்லோயா அபிவிருத்திச் சபை அதே 1949இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்மாதிரி, 1933இல் அமெரிக்காவில் உருவான டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபை.

இங்கே ஒரு தற்செயலைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. டென்னசிச் சபையைச் சமூகவியல் கண்கொண்டு ஆராய்ந்து பிலிப் செல்ஸ்னிக் எழுதிய நூல் வெளியானதும் அதே 1949இல்தான். மக்களின் அடிமட்டத்தோடு கலந்து இயங்குவதாகச் சொல்லிக்கொண்ட அந்தச் சபை, உள்ளூரில் ஏற்கெனவே பலம் பெற்றிருந்தவர்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, அந்த விலையாகத் தன் நோக்கங்களையே எவ்வாறு வளைத்துக்கொண்டது என்பதை அவர் விரிவாகக் காட்டினார். அணையின் மாதிரி கடல் கடந்து வந்தது. அந்த மாதிரியைப் பற்றி அதன் சொந்த நாட்டார் எழுதிய புத்தகத்தை யாரும் கூடவே ஏற்றிவரவில்லை. வந்திருந்தாலும் யார் வாசித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அணை என்ற வகையில் அது நன்றாகவே நின்றது. இன்றும் நிற்கிறது. சிக்கல் அணைக்குக் கீழே தொடங்கியது. பெருங்கால்வாய், கிளைக்கால்வாய், பகிர்வாய்க்கால், வயல்வாய்க்கால் என்று ஒரு மரம்போலப் படத்திலே வரைந்தார்கள். ஒவ்வொரு கதவையும் குறித்த நேரத்தில் குறித்த அளவுக்குத் திறந்தால் கடைசி வயலுக்கும் சமமாய் நீர் போகும் என்பது கணக்கு. திறப்பவர் யார், அவருக்கு யார் சொல்வது, அவர் சொல்லைக் கீழே இருப்பவர் நம்புவாரா என்பவை படத்தில் இல்லை. இடதுகரையின் கிளைகளில் ஒன்றுக்கு மண்டூரின் பெயர் உண்டு. கால்வாயின் தலைமாட்டில் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட சிங்கள விவசாயிகள், கால்மாட்டில் பெரும்பாலும் தமிழர்கள். 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்தக் கல்லோயாப் பள்ளத்தாக்கில்தான் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதன் பின்னர் தலைமாட்டுக்குப் போய், "ஐயா, எங்களுக்கும் கொஞ்சம் நீர் விடுங்கள்" என்று கேட்கக் கால்மாட்டிலிருந்து யார் போவார்? 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அணை ஒரு மாவட்டத்திலும் மண்டூர் இன்னொரு மாவட்டத்திலுமாய் ஆயின. வட்டவிதானையாரின் மனுவும் தண்ணீரும் சந்திக்காமற்போன கதை இதுதான்.

நீருக்குப் பொறுப்பு ஒரு திணைக்களம், நிலத்துக்கு இன்னொன்று, விதைக்கும் உரத்துக்கும் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை. எதனுடைய எல்லையும் வாய்க்காலின் எல்லையாக இருக்கவில்லை. 1968இல் அமெரிக்கக் கணினியாளர் மெல்வின் கொன்வே ஒரு கட்டுரை எழுதினார். எந்த நிறுவனம் ஒரு முறைமையை வடிவமைத்தாலும், அந்த வடிவம் அந்த நிறுவனத்துக்குள்ளே யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் பிரதியாகவே அமையும் என்பது அவர் கண்டது. முதலில் அனுப்பிய சஞ்சிகை அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. இன்று மென்பொருள் உலகில் கொன்வே விதி என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். இடதுகரைக் கால்வாயை வரைந்தவர்கள் அந்தக் கட்டுரைக்கு ஏறத்தாழ இருபது வருடங்கள் முன்னரே அதை மண்ணிலே நிறுவிக் காட்டிவிட்டார்கள்.

பேச்சுப் போக வழியே இல்லாத இடமா அது என்றால், அப்படியும் இல்லை. கீழ்மாகாணத்தின் பழைய வயல்வெளிகளில் ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு வட்டவிதானை உண்டு. எப்போது விதைப்பது, எந்த நாளுக்குள் வேலி அடைப்பது, மாடுகளை எப்போது காட்டுப்புறம் ஓட்டுவது, யாருக்குப் பின் யார் நீர் பாய்ச்சுவது என்பவற்றைக் கவனிப்பது அவர் கடமை. அறுவடையில் நெல்லாக அவருக்குக் கூலி. சிங்களப் பகுதிகளில் வெல் விதானை என்பார்கள். அது குற்றமற்ற ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. போடியார்களின் கைக்குள் இருந்த விதானைமார் பலர். அதனாலேயே பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வெல் விதானைப் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. நோக்கம் நல்லது. ஆனால் அந்தக் குழுக்கள் அரசியல் மாற்றங்களோடு அலைக்கழிந்தன. கிழக்கிலே வட்டவிதானை என்ற பெயரும் வேலையும் சட்டத்தையும் மிஞ்சி நிலைத்தன. புதிய கால்வாயிலோ அவருக்கு இடமே இருக்கவில்லை.

1970இல், கேம்பிரிட்ஜ்ப் புவியியலாளர் பி. எச். ஃபாமர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு, கல்லோயாத் திட்டத்தின் செலவு அதன் பலனைவிட அதிகம் என்று அறிக்கையிட்டது. அறிக்கை அலுமாரிக்குள் போனது.

இப்போது கொஞ்சம் தூரம் போகவேண்டும். 1951இல் இலண்டன் டவிஸ்டொக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட்டும், பதினெட்டு வருடங்கள் சுரங்கத்தில் வேலை செய்த கென் பாம்போர்த்தும் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பெல்லாம் ஒருவரை ஒருவர் தேர்ந்துகொண்ட சிறு குழுக்கள், வெட்டுவது முதல் அள்ளுவது வரை முழுவேலையையும் தாமே செய்தன. பின்னர் இயந்திரங்கள் வந்தன. நாற்பது ஐம்பது பேரை மூன்று முறைகளாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை கொடுத்தார்கள். இயந்திரம் சிறந்தது, விளைச்சல் எதிர்பார்த்தபடி இல்லை. ஒரு முறைக்காரர் விட்ட குறை அடுத்த முறைக்காரர் தலையில் விழுந்தது. இருவரும் இருளில் ஒருவரையொருவர் காணவில்லை. இயந்திரமும் மனித உறவும் இரண்டல்ல, சேர்ந்து ஒரே முறைமை, ஒன்றை மாத்திரம் செம்மைப்படுத்தினால் மற்றது கெடும் என்ற கருத்து அங்கேதான் பிறந்தது.

இந்தக் கருத்து முதன்முதல் பெரிதாய்ச் சோதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று இந்தியாவின் அகமதாபாத் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கலிக்கோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவியும் உற்பத்தி ஏறவில்லை. 1953இல் டவிஸ்டொக்கைச் சேர்ந்த ஏ. கே. றைஸ் அங்கே வந்து, ஆளுக்கொரு துண்டு வேலை என்பதை விட்டு, ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு குழு பொறுப்பு என்று மாற்றிப் பார்க்கலாம் என்றார். தொழிலாளர்கள் அந்த யோசனையை உடனே பிடித்துக்கொண்டு, குழுக்களைத் தாங்களே பிரித்துக்கொண்டார்கள். நெசவு கூடியது, பழுது குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் மறுபடி போய்ப் பார்த்தபோது, ஒரு கொட்டகையில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் அப்படியே நடந்துகொண்டிருந்தது. மற்றவற்றில் கரைந்துபோயிருந்தது. இந்தப் பின்பாதியையும் சேர்த்தே சொல்லவேண்டும். வெற்றிக் கதைகளைப் பாதியில் நிறுத்துவது எங்கள் தொழிலின் பழைய நோய்.

நான் மண்டூருக்குப் போன காலத்தில்தான் இடதுகரையைச் சீரமைக்கும் திட்டம் அமெரிக்க உதவியோடு தொடங்கியிருந்தது. கால்வாயைத் தூர்வாரிக் கதவுகளைப் புதிதாக மாட்டுவது அதன் பெரும்பகுதி. விவசாயிகளின் அமைப்பு என்று ஒரு சிறு பகுதியும் அதில் இருந்தது. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அதை ஏற்றன. பிலிப்பைன்ஸில் நீர்ப்பாசன நிர்வாகம் ஊருக்குள் அமைப்பாளர்களை அனுப்பிப் பெற்றிருந்த அனுபவம் அவர்கள் முன்னால் இருந்தது. 1981 தொடக்கத்தில், படித்துவிட்டு வேலையற்றிருந்த இளம் பட்டதாரிகளைப் பயிற்றி, குடியேற்றங்களுக்குள்ளேயே தங்கும்படி அனுப்பினார்கள். துவிச்சக்கர வண்டியும் குறிப்புப் புத்தகமும்தான் அவர்களுடைய கருவிகள். அந்தச் சிறுபோகத்துக்கு நீர்த்தேக்கத்தில் காற்பங்கு நீரே இருந்தது. புதிய அமைப்பு எதையும் தொடங்குவதற்கு அதைவிட மோசமான காலம் வேறில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. ஒரே வயல்வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து முதல் இருபது குடும்பங்கள் ஒரு குழு. அவர்களில் ஒருவர் பிரதிநிதி, வாக்கெடுப்பால் அல்ல, எல்லோரும் ஒத்துக்கொண்டு. அந்தப் பிரதிநிதிகள் பகிர்வாய்க்கால் மட்டத்தில் கூடுவார்கள், அங்கிருந்து பகுதி மட்டத்துக்கு, அங்கிருந்து பொறியியலாளர்கள் இருக்கும் திட்டக் குழுவுக்கு. கவனித்தால் இது ஊர் வாரியான அமைப்பு அன்று, கட்சி வாரியானதும் அன்று. தண்ணீர் எந்தக் கிளையில் போகிறதோ அதே கிளையில் பேச்சும் போகும்படி அமைத்தது. நீர் மேலிருந்து கீழே இறங்கியது, செய்தி கீழிருந்து மேலே ஏறியது. சில வாரங்களுக்குள் சிரமதானமாய் வாய்க்கால்களைத் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துப் பாய்ச்சினார்கள், மிஞ்சிய நீரைக் கீழே விட்டார்கள். சீரமைப்பு வரைபடங்களைக் கையில் எடுத்துக்கொண்டு பொறியியலாளர்கள் விவசாயிகளோடு வாய்க்கால் நெடுக நடந்தார்கள். எந்த இடத்தில் நீர் ஏறாது, எந்த மதகு தவறான மட்டத்தில் இருக்கிறது என்பது முப்பது வருடமாக அந்த மண்ணில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் கேட்டதில்லை.

இந்த முயற்சியை நடத்திய நோர்மன் அப்ஹொஃப் 1992இல் ஒரு முழுநூல் எழுதினார். நீரின் பயன்பாட்டுத் திறன் ஏறத்தாழ இரட்டித்தது என்பது அவரும் சி. எம். விஜயரத்னவும் தரும் கணக்கு. முயற்சியை நடத்தியவர்களே கணித்தது அது என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்கவேண்டும். அமைப்பாளர்களாகப் போன பட்டதாரிகளுக்கு நிரந்தர நியமனம் இருக்கவில்லை. ஆசிரிய வேலை கிடைத்ததும் கூட்டங்கூட்டமாக விலகிப்போனார்கள். முறைமைக் கோட்பாடு பேசியவர்கள் தங்கள் சொந்த ஊழியர்களை முறைமைக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத் தோன்றுகிறது. கசப்பான வேடிக்கை.

1983 வந்தது. அதற்குப் பிறகு படுவான்கரையின் கதையில் நீர்ப்பாசனம் ஓர் அடிக்குறிப்பு.

இதற்குள் மண்டூரிலே இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. மேலே கால்வாயில் ஓர் அமெரிக்கக் குழு விவசாயிகளை ஆராய்ந்த அதே 1980களின் தொடக்கத்தில், கீழே மண்டூரில் மார்க் விற்றேக்கர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கந்தசுவாமி கோயிலை ஆராய்ந்தார். அவருடைய நூல் 1999இல் வந்தது. திருப்படைக் கோயில்களில் ஒன்றான மண்டூரில் எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு, எந்த ஊருக்கு, வண்ணக்கர் யார், யாருக்கு எந்த வரிசை என்பவையெல்லாம் முறைப்படி வகுக்கப்பட்டவை. காலனி ஆட்சி வந்தபோது அதன் சட்டம் கோயிலை ஒரு தருமச் சொத்தாகவும் வண்ணக்கரை ஒரு நம்பிக்கைப் பொறுப்பாளராகவும் கண்டது. கோயிலார் அப்படிக் காணவில்லை. ஆனால் அவர்கள் சட்டத்தோடு மோதவும் இல்லை. அரசின் மொழியில் அரசோடு பேசினார்கள், தங்கள் மொழியில் கோயிலை நடத்தினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமலே, சண்டையுமில்லாமல், நெடுங்காலம் அருகருகே ஓடின. நான் விளங்கிக்கொண்ட அளவில் விற்றேக்கர் கண்டது இதுதான்.

லூமனுக்கு இங்கே வருகிறேன். நிர்வாக அதிகாரியாகத் தொழில் தொடங்கி, 1960இல் ஹாவார்ட் சென்று டல்கொட் பார்சன்ஸிடம் படித்துத் திரும்பியவர். சமூகம் மனிதர்களால் ஆனதல்ல, அவர்களுக்கிடையே நிகழும் தொடர்பாடல்களால் ஆனது என்று 1984இல் வந்த தம் பெருநூலில் அவர் வாதிட்டார். சட்டம், பொருளாதாரம், விஞ்ஞானம் என்று ஒவ்வொரு முறைமையும் தனக்குரிய வேறுபாடுகளைக் கொண்டே உலகைப் பார்க்கிறது. வெளியிலிருந்து வருவதை நேராக உள்வாங்க அதனால் இயலாது. ஒரு தொந்தரவாக உணர்ந்து, தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள மாத்திரமே இயலும். உடைந்த கதவு அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தபோது 'சேதம்' என்ற தலைப்பின் கீழ் ஒரு தொகையாயிற்று. பத்திரிகைக்கு வந்துசேர்ந்தபோது 'பொறுப்பின்மை' என்ற தலைப்பின் கீழ் ஒரு செய்தியாயிற்று. வட்டையிலே மாத்திரம் அது கடிதமாக இருந்தது. பட்டதாரிப் பிள்ளைகள் 1981இல் செய்த வேலை, அந்த மூன்று மொழிகளுக்கிடையே துவிச்சக்கர வண்டியில் ஓடித் திரிந்ததுதான். லூமனைப் படித்த பிறகு இதை அறிந்தேன் என்று சொல்லமாட்டேன். வட்டவிதானையாரைக் கண்டிராவிட்டால் லூமன் எனக்கு விளங்கியிருக்கமாட்டார் என்பதே உண்மை.

தம்பி மகன் இதைப் படித்துவிட்டு, "சரி பெரியப்பா, அப்படியானால் எங்கள் பாவனையாளர்களின் முறைப்பாடுகள் யாரிடம் போகின்றன என்று பார்க்கவேண்டுமா?" என்று கேட்கக்கூடும். போகின்ற இடத்தை மட்டுமல்ல, அங்கே எந்தத் தலைப்பின் கீழ் பதிகிறார்கள் என்பதையும் பார் என்பேன்.

1997 சிறுபோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். போர் உச்சத்தில் இருந்த காலம். நீர்த்தேக்கத்தில் நெல் விதைக்கப் போதிய நீர் இல்லை என்று விவசாயிகளுக்கு அறிவித்தார்கள். அப்ஹொஃப், விஜயரத்ன இருவரும் 2000இல் எழுதிய கட்டுரைப்படி, பதினைந்து வருடங்களுக்கு முன் அமைந்த அந்தக் குழுக்கள் ஒன்றுகூடி, இருந்த நீரைத் தலைமாட்டுச் சிங்களவரும் கால்மாட்டுத் தமிழரும் சமமாய்ப் பகிர்ந்து, 65,000 ஏக்கர் வரையில் விளைவித்தார்கள், வழமையைவிட நல்ல விளைச்சல். இதைக்கொண்டு இனப்பிரச்சினைக்கு வாய்க்காலில் தீர்வு கண்டுவிட்டதாகப் பேசிய சிலரை நான் அறிவேன். அது பெரிய வார்த்தை. 1956இல் நடந்ததை ஒரு போகத்துத் தண்ணீர் கழுவாது. ஆயினும் துப்பாக்கிகளுக்கு நடுவே, எந்த நாளில் எந்தக் கதவு திறக்கும் என்று சொல்லி, சொன்னபடியே திறந்தார்கள்.

வட்டவிதானையாரை நான் மறுபடி காணவில்லை. அன்று காலை அவருடைய வளவில் மோர் குடித்துவிட்டுப் பாதைக்குத் திரும்பியபோது, "என்னகா, இனி என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார். திருத்தி எழுதுகிறேன் என்று சொன்னேன். கொழும்புக்கு வந்து எழுதியும் கொடுத்தேன். இடமில்லை என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. கோயில் திருவிழாக் கட்டுரை முழுப்பக்கத்தில், படங்களோடு வந்தது.

ஆகவே, இப்போது. 1980ஆம் ஆண்டு என் பெயரில் வெளியான செய்தியில், கல்லோயா இடதுகரையின் கடைமடைக்கு நீர் எட்டாமைக்கு விவசாயிகளின் பொறுப்பின்மையே காரணம் என்று குறிப்பிட்டிருந்தேன். அது தவறு. கதவுகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. அதை அறிவிக்கும் ஏற்பாடும், அவர்கள் தங்கள் முறைப்பாட்டைக் கதவுகளை இயக்குவோருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் அப்போது இருக்கவில்லை. இவற்றை நான் விசாரித்திருக்கவேண்டும். விசாரிக்கவில்லை.